பழைய போனோட அரைமணி நேரமும் குடுங்க



மஞ்சளுக்குக் களை வெட்டு முடிந்தது. ரெண்டு நாளாகக் கைக்குக் கொஞ்சம் ஓய்வு. ரொம்ப நாளாக எழுதணும்னு நினைத்துத் தள்ளிப்போட்ட ஒரு விஷயத்தை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். வெள்ளாமை பற்றி இல்லை. பிள்ளைகள் கையில் இருக்கிற போனைப் பற்றி.

போன மே மாத லீவுக்குச் சென்னையில் இருந்து சொந்தக்காரர் ஒருத்தர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் பையன் மூணு நாளும் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை, போனும் கையுமாகக் கிடந்தான். மனுசனுக்கு ஒரே வருத்தம். "உங்க ஊர்ப் பசங்க குடுத்து வெச்சவங்க மாப்ள. வாய்க்கால், கிணறு, ஆடு, மாடுன்னு வளர்றாங்க. எங்க பசங்கதான் இப்படிப் போனுக்குள்ள விழுந்து கிடக்கறாங்க" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் அவரை வாய்க்கால் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்க ஊரில் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடம் அதுதான். ஏழெட்டுப் பசங்க கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தலையும் குனிந்திருந்தது. நாங்கள் பக்கத்தில் போய் நின்றும் ஒருத்தன்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "இங்கயுமா?" என்றார்.

இங்கேயும்தான். சொல்லப்போனால் இங்கே கொஞ்சம் கூடுதலாகவே. அது ஏன் என்று டவுனில் இருக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

2016 கடைசியில் நெட் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தபோது எங்க ஊரில் பெரிய போன் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாலிபப் பசங்க வாங்கினார்கள். சின்னப் பிள்ளைகள் கைக்கு அது வந்தது 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடின பிறகு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. தனியார் பள்ளிக்கூடத்தில் பாடம் போனில்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டை விற்றுப் போன் வாங்கினவர்களை எனக்குத் தெரியும். 2021 நவம்பரில் சின்ன வகுப்புகளும் திறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்தது, போன் திரும்ப நம் கைக்கு வரவில்லை. இன்றைக்கும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. "போனே குடுக்காதீங்க, பிரச்சினை தீர்ந்துச்சு" என்று யாராவது சொன்னால், அவர் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இல்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. எங்க ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். காலையில் 7 மணிக்கு வேன் வந்துவிடும். திரும்பி வர ராத்திரி 8 மணி, எட்டரை ஆகும். ஆம்பளைகள் காட்டில், இல்லை லோடு ஏற்றப் போன இடத்தில். பள்ளிக்கூடம் விட்டு 5 மணிக்கு வருகிற பிள்ளைக்கு வீட்டில் துணை பாட்டியும் போனும்தான். பாட்டி ஏழு மணிக்குத் தூங்கிவிடுகிறது.

ராத்திரி 2 மணிக்கு மும்முனைக் கரண்டு வந்தால் மோட்டார் போடப் போவேன். போகிற வழியில் திண்ணையில் போர்வைக்குள் வெளிச்சம் தெரியும். ஒரு வீட்டில் இல்லை, நாலைந்து வீட்டில்.

சரி, அப்பா அம்மா பார்த்துக் கண்காணிக்க வேண்டியதுதானே என்பீர்கள். இங்கேதான் சிக்கல். எங்க ஊரில் போனைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிற அப்பா இல்லை. அப்பாவுக்குப் போனைக் கற்றுக்கொடுக்கிற பிள்ளைதான் இருக்கிறது. சிட்டா எடுக்கிறது, கரண்டு பில் கட்டுகிறது, பி.எம். கிசான் பணம் வந்ததா என்று பார்க்கிறது, வங்கியில் இருந்து வருகிற ஓ.டி.பி.யைப் படித்துச் சொல்கிறது எல்லாம் பிள்ளைகள்தான். என் வீட்டிலும் அப்படித்தான். என் பையன் எட்டாவது படிக்கும்போதே எனக்குக் கணக்குப்பிள்ளை. யு.பி.ஐ. பின் நம்பர் அவனுக்குத் தெரியும். சொல்லப்போனால் அந்த நம்பரைப் போட்டதே அவன்தான்.

அதோட பலனையும் அனுபவித்தேன். ஒருநாள் உரக்கடையில் நின்றுகொண்டு பணம் போட்டால் போகமாட்டேன் என்கிறது. கணக்கில் இருப்பு இல்லை. மஞ்சள் விற்ற பணத்தில் 14,000 ரூபாய் ரெண்டு வாரத்தில் இருநூறு, ஐந்நூறு என்று கரைந்திருக்கிறது. விளையாட்டில் வருகிற பொம்மைக்குத் துப்பாக்கியும் சட்டையும் வாங்கியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் ரெண்டு அடி வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், பணப்பெட்டிச் சாவியைப் பதிமூணு வயசுப் பையன் கையில் குடுத்தது யார்? பத்து நாள் கழித்து அவனாகவே வந்து சொன்னான், "முதல் நாளே சொல்லலாம்னுதாங்கப்பா நெனச்சேன். அடிப்பீங்கன்னு பயந்து, அதை எப்படியாச்சும் ஜெயிச்சுச் சரி பண்ணிரலாம்னு பார்த்தேன்."

இந்த வார்த்தையை நினைவில் வையுங்கள். இனிமேல் சொல்லப்போகிறதுக்கும் இதுதான் அடிப்படை.

அடுத்தது பணம் பற்றியது இல்லை. எங்க சொந்தத்தில் ஒரு பெண் குழந்தை. எந்த வருஷம், எந்த வகுப்பு, யார் வீடு என்பதை எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். இந்த மாதிரி விஷயத்தில் பிள்ளையின் அடையாளத்தை வெளியே சொல்வது சட்டப்படி குற்றம். குற்றமாக இல்லாவிட்டாலும் சொல்லக்கூடாது.

டவுனில் இருக்கிற அவங்க சித்தி புதுப் போன் வாங்கினபோது பழைய போனை இந்தப் பிள்ளைக்குக் குடுத்தார். நல்ல மனசோடுதான் குடுத்தார். பிள்ளை அதில் இன்ஸ்டாகிராம் போட்டது. தன் வயசுப் பெண் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி பேச வந்தாள். ரெண்டு மாசம் படிப்பு, பாட்டு, கோலம் என்று பேச்சு. மாரியம்மன் நோம்பிக்குப் பாவாடை தாவணி கட்டி எடுத்த போட்டோவை இவள் அனுப்பினாள். சாதாரணப் படம், வீட்டில் மாட்டி வைக்கிற மாதிரிப் படம்தான்.

கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் இருந்தது பெண்ணே இல்லை என்று தெரிந்தது. அந்த முகத்தை வேறு உடம்பில் ஒட்டி ஒரு படம் வந்தது. இன்னும் படம் அனுப்பு, வீடியோ காலில் வா, இல்லாவிட்டால் உன் பள்ளிக்கூடக் குழுவுக்கும் உங்க அப்பாவுக்கும் இது போகும் என்று மிரட்டல்.

நான் வரப்பில் நின்று மடை மாற்றிக்கொண்டு இருந்தேன். பிள்ளை சும்மா வந்த மாதிரி வந்து நின்றது. ஆட்டுக்குட்டி பற்றி ஏதோ கேட்டது. அப்புறம், "பெரியப்பா, போன் நம்பர் இல்லாம, வெறும் பேரை மட்டும் வெச்சு ஒருத்தரோட வூட்டைக் கண்டுபிடிக்க முடியுங்களா?" என்றது.

"எதுக்குக் கண்ணு?"

"சும்மாதாங்க பெரியப்பா."

சும்மா கேட்கிற முகம் இல்லை அது. மண்வெட்டியை வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்தேன். அரைமணி நேரம் ஆனது அவள் வாயைத் திறக்க. பாதி சொல்லும்போதே எனக்கு ரத்தம் கொதித்து, "எவன்டா அவன், போனைக் குடு இங்க" என்று கத்திவிட்டேன். பிள்ளை அப்படியே உறைந்துபோனது. அந்த ஒரு வார்த்தையில் காரியம் கெட இருந்தது. அப்புறம் நான் தணிந்து, "உன் மேல தப்பு இல்ல சாமி, நீ சொல்லு" என்று பத்துத் தடவை சொன்ன பிறகுதான் மீதி வந்தது.

பதினொரு நாளாக மிரட்டல் நடந்திருக்கிறது. பதினொரு நாளும் பள்ளிக்கூடம் போய், பரீட்சை எழுதி, மாட்டுக்குத் தண்ணி காட்டி, யார்கிட்டயும் சொல்லாமல் இருந்திருக்கிறது. "ஏன் கண்ணு சொல்லல?" என்று கேட்டதற்கு வந்த பதில்: "சொன்னாப் போனைப் புடுங்குவாங்க. அது போனாப் போச்சு பெரியப்பா. பள்ளிக்கூடத்தையும் நிறுத்திருவாங்க."

அவன் எங்கே இருந்து மிரட்டினான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் கையில் இருந்த பெரிய ஆயுதம் அந்தப் படம் இல்லை, எங்கள் வீடுதான். சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு இருந்த பயம்தான் அவனுக்கு மூலதனம்.

அவள் பயந்தது வீண் இல்லை. விஷயம் தெரிந்ததும் அவங்க அப்பா சொன்ன முதல் வார்த்தை, "படிச்சது போதும்." கெட்டவர் இல்லை, பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர். அன்றைக்கு ராத்திரி நான் அவரிடம் ஒன்று கேட்டேன். "போன வருஷம் உன் போர்வெல் கேபிளை வெட்டி எடுத்துட்டுப் போனானே, அன்னிக்கு என்ன பண்ணுனே? ஸ்டேசனுக்குப் போனே. புதுக் கேபிள் போட்டே. மோட்டாரே வேண்டாம், வெள்ளாமையே வேண்டாம்னு கிணத்தை மூடுனயா? களவு போனவன் வூட்ல கூனிக் குறுகி உட்கார்ந்தயா?" அவர் பதில் பேசவில்லை. உள்ளே இருந்து அவர் மனைவிதான், "நாளைக்கு அவ பள்ளிக்கூடம் போவா. நான் வேனுக்குப் போகல, நானே கொண்டுபோய் விடறேன்" என்றது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்புறம் என்ன செய்தோம் என்று எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது தேவைப்படலாம், தேவைப்படாமல் இருக்கட்டும்.

எதையும் அழிக்கவில்லை. பயத்தில் முதலில் கை போவது அழிக்கிற பொத்தானுக்குத்தான். அழித்தால் சாட்சியும் போய்விடும். அவன் கணக்கின் பெயர், வந்த மிரட்டல், தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் அவனை பிளாக் செய்தோம். அவன் கேட்டது எதையும் அனுப்பவில்லை, அவனோடு பேரமும் பேசவில்லை. ஒரு தடவை குடுத்தால் அடுத்த தடவை கேட்பான்.

அந்தப் படத்தை நாங்கள் யாருக்கும் அனுப்பவும் இல்லை. இது முக்கியம். ஊரில் இந்த மாதிரி ஒன்று நடந்தால், நல்லெண்ணத்தில்கூட, "இது யாரு புள்ளைன்னு பாருங்க" என்று நாலு பேருக்கு அனுப்பிவிடுவார்கள். 18 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளையின் ஆபாசப் படத்தை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். 2012 போக்சோ சட்டத்தின்படி வைத்திருப்பதுகூடக் குற்றமாகும் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காட்ட வேண்டிய இடம் போலீஸ் மட்டும்தான்.

புகாருக்கு வழிகள் உண்டு. சைபர் குற்றத்துக்கு 1930. பிள்ளைகளுக்கு என்றே 1098. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு என்று தனிப் பிரிவே இருக்கிறது. மாவட்டத்தில் சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது. பிள்ளையையே திரும்பத் திரும்ப எல்லார் முன்னாலும் சொல்ல வைக்காதீர்கள். கூடவே பெரியவர் ஒருத்தர் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். "டேக் இட் டவுன்" என்று அமெரிக்காவில் காணாமல்போன குழந்தைகளுக்கான மையம் நடத்துகிற இலவசச் சேவை இருக்கிறது. 18 வயசுக்குக் கீழே எடுத்த அப்படிப்பட்ட படம் வெளியே பரவும் என்று பயம் இருந்தால் அதில் பதியலாம். படம் நம் போனை விட்டுப் போகாது. அதோட கைரேகை மாதிரி ஒரு எண் மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி அதில் சேர்ந்திருக்கிற நிறுவனங்கள் அந்த எண்ணை வைத்துத் தங்கள் பக்கத்தில் அந்தப் படம் வந்தால் கண்டுபிடித்து நீக்கும்.

அவன் பிடிபட்டானா? இதுவரை இல்லை. கதை மாதிரி முடித்துச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் மிரட்டல் நின்றது. படம் எங்கேயும் வந்ததாகத் தெரியவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டு இருக்கிறது. எனக்கு அது போதும்.

இப்போது சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10-ல் இருந்து 16 வயசுக்குக் கீழே சமூக வலைத்தளக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. இங்கேயும் அப்படி வரணும் என்று நிறையப் பேர் எழுதுகிறீர்கள். நம்ம நாட்டில் 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயசுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. எல்லாம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சம்பாதிக்கிற கம்பெனிக்குப் பொறுப்பு வேண்டும்.

ஆனால் எங்க ஊர்த் திண்ணையில் இருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. இங்கே பிள்ளையின் போன் பிள்ளை பெயரில் இல்லை. சிம் அப்பா பெயரில். கணக்கு அப்பா வயசில். சம்மதம் கேட்டு ஓ.டி.பி. வந்தால் அதைப் படித்துப் போடப்போவதும் அந்தப் பிள்ளைதான். கம்பெனிக்காரன் கணக்கில் அந்தத் திண்ணையில் போர்வைக்குள் இருப்பது 45 வயசு விவசாயி. எந்தச் சட்டம் வந்தாலும் அந்த விவசாயியை அது ஒன்றும் செய்யாது.

அதனால் கடைசியில் வீட்டுக்குத்தான் வரணும். எங்க பக்கம் பிள்ளைக்குக் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது முதலில் கையைக் காலை அடிக்கச் சொல்லிக் குடுக்கமாட்டோம். முதுகில் சுரைக்குடுக்கையோ காலி டின்னோ கட்டி இறக்குவோம். முதல் பாடம், மூச்சு முட்டினால் எந்தப் படியைப் பிடிக்கணும் என்பது. அடுத்த பாடம், படியில் உட்கார்ந்திருக்கிற மாமனைக் கூப்பிடுவது. கூப்பிட்டால் மாமன் திட்டமாட்டார், தூக்கிவிடுவார் என்று பிள்ளைக்குத் தெரியும். அந்த நம்பிக்கை இருந்தால்தான் அது தண்ணியில் இறங்கும். போனுக்கு நாம் அந்தப் படியைக் காட்டவே இல்லை. நேராகத் தள்ளிவிட்டோம்.

எங்க வீட்டில் இப்போது ரெண்டு மூணு பழக்கம் கொண்டுவந்திருக்கிறேன். ராத்திரி 9 மணிக்கு மேல் எல்லார் போனும், என்னுடையதும் சேர்த்து, அரிசி டப்பா மேல். பின் நம்பரை நானே மாற்றினேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் முக்கி. மஞ்சள் பணம் போகிற கணக்கு வேறு, போனில் இணைத்த கணக்கு வேறு. அதில் ரெண்டாயிரத்துக்கு மேல் வைப்பதில்லை.

எல்லாத்துக்கும் மேலே ஒரு வாக்குக் குடுத்தேன். "போன்ல என்ன நடந்தாலும் சரி, தப்பு உன்னுதாவே இருந்தாலும் சரி, வந்து சொன்னாப் போனைப் புடுங்க மாட்டேன், அடிக்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்." பையன் நம்பவில்லை. மூணு மாசம் கழித்து ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லி என்னைச் சோதித்துப் பார்த்தான். நான் பாஸ் ஆனேன் என்று நினைக்கிறேன். இப்போது அப்பப்ப வந்து சொல்கிறான்.

கடைசியாக டவுனில் இருக்கிற உங்களிடம் ஒரு கோரிக்கை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வருவீர்கள். புதுப் போன் வாங்கியிருப்பீர்கள். பழசை அண்ணன் பிள்ளைக்கோ அக்கா பிள்ளைக்கோ குடுப்பீர்கள். நல்ல காரியம். குடுக்கும்போது கூடவே அரைமணி நேரமும் குடுங்கள். உங்கள் கணக்கை முழுசாக எடுத்துவிட்டு, பிள்ளையின் உண்மையான வயசைப் போட்டுக் கணக்கு ஆரம்பித்துக் குடுங்கள். ஃபேமிலி லிங்க் மாதிரி இலவசச் செயலிகள் இருக்கின்றன, அதைப் பெற்றவர் போனோடு இணைத்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் கணக்கைத் தெரிந்தவர் மட்டும் பார்க்கிற மாதிரி வையுங்கள். விளையாட்டில் தெரியாதவர் பேச முடியாத மாதிரி அடையுங்கள். இதெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. எங்களுக்கு அந்தத் திரையில் வருகிற இங்கிலீஷே பாதி புரியாது.

அப்புறம் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏதாச்சும்னா எனக்குப் போன் பண்ணு, எந்நேரமானாலும் பண்ணு, உங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அப்பாவிடம் சொல்ல முடியாததை டவுன் சித்தியிடம், மாமாவிடம் பிள்ளைகள் சொல்லும். அந்தப் பதினொரு நாளில் அவளுக்கு அப்படி ஒரு நம்பர் இருந்திருந்தால் அது ஒரு நாளில் முடிந்திருக்கும்.

இதைப் போடுவதற்கு முன்னால் அவளிடமும் அவள் பெற்றவர்களிடமும் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்றால் அழித்துவிடலாம் என்றுதான் காட்டினேன். அவங்க அப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் சொன்னதையும் போட்டுட்டீங்களா? சரி, இருக்கட்டும்" என்றார். அவள் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். 1930-ம் 1098-ம் எழுத்தில் இல்லாமல் எண்ணில் போடச் சொன்னாள். தேடுகிறவர்களுக்குச் சட்டென்று கண்ணில் படுமாம். போட்டுவிட்டேன்.

உங்க வீட்டில் என்ன பழக்கம் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். எங்களுக்கும் உதவும். மேற்கே மேகம் கட்டுகிறது, களத்தில் காயப்போட்டதை எடுக்கணும். வர்றேன்.